ஞாயிற்றுக்கிழமைச் சோள ரொட்டி

என் மனைவி துபாயில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். அந்த வீட்டு அம்மா மெக்சிகோ நாட்டைச் சேர்ந்தவர். அவர் வீட்டுக்காரரும் அந்த ஊர்தான், ஏதோ கம்பெனியில் இன்ஜினியர். வெள்ளைக்காரர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். "இல்லங்க, நம்ம மாதிரி மாநிறம்தான். பச்ச மிளகாய நம்மள விட ஜாஸ்தி கடிப்பாங்க" என்று அவள் சொன்ன பிறகு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மிளகாய் தின்கிற வீட்டில் இருந்தால் அவளுக்கு நாக்கு செத்துப்போகாது.

வீடு கட்ட ஆரம்பித்ததும் மகள் தஞ்சாவூரில் நர்சிங் சேர்ந்ததும் ஒரே வருஷத்தில் வந்தன. அதனால்தான் அவள் போனாள். நான் போயிருக்க வேண்டியவன். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தராவிட்டால்கூடக் கேட்காமல் இறங்கிவிடுவேன். அவள் அப்படியில்லை. "நீங்க வயலப் பாத்துக்குங்க, இத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் நான் மட்டும். ஒரு தெரு தள்ளி அக்கா இருக்கிறாள்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது. எங்கள் பக்கம் சாப்பிட்டாயா என்று கேட்டால் சோறு சாப்பிட்டாயா என்றுதான் அர்த்தம். ஆறு தோசை தின்றவன்கூட "இன்னும் சாப்பிடல, டிபன்தான் ஆச்சு" என்பான். எனக்கு மூன்று வேளையும் சோறுதான். அவள் போன பிறகு காலையில் ஒரு முறை உலை வைத்தால் இரவு வரைக்கும் அதுதான். ரசம் வைக்கத் தெரியும். ஊறுகாய் கடையில் கிடைக்கும். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் வரப்பில் நடக்கும்போது கண் மங்கியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து சர்க்கரை என்றார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர்.

"மூணு வேளையும் சோறா?"

"ஆமாங்க."

"வயல் இருக்கா?"

"இருக்குங்க."

"நெல்ல வித்துடுங்க. திங்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. நெல் விளைவிக்கிறவனைப் பார்த்துச் சோறு தின்னாதே என்றால் வேறு என்னத்தைத் தின்பது என்று உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி அவளிடம் போனில் சொன்னேன். "அந்தம்மாவுக்கும் சர்க்கரதான். அவங்களுக்குச் செய்யிறத நீங்களும் செஞ்சு சாப்புடுங்க. நான் சொல்லித் தர்றேன்" என்றாள்.

"எனக்கு எங்க அதெல்லாம் வரும்?"

"ரசம் வருதுல்ல? அது மாதிரிதான்."

அது ரசம் மாதிரி இல்லை.

முதலில் அவள் சொன்னது கறுப்பு பயறு. வேகவைத்து, வெங்காயம் பூண்டு சீரகம் போட்டு மசித்து, ரொட்டியில் வைத்துத் தின்பார்களாம். கறுப்பாக இருக்கும் என்று சொன்னாளே தவிர, என்ன பயறு என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கறுப்பாக இருந்தது உளுந்து ஒன்றுதான். சம்பா அறுத்த வயலில் நானே விதைத்து எடுத்த உளுந்து. தோலோடு குக்கரில் வைத்து இறக்கினேன். மூடியைத் திறந்தால் கரண்டியோடு நூல் நூலாக வழுவழுவென்று எழும்பி வருகிறது. அதையே மசித்துத் தட்டில் போட்டு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"என்னங்க இது, செவுத்துக்குப் பூசுறதா?"

"கறுப்புன்னு சொன்னியே."

"காராமணி வாங்குங்க. உளுந்தக் கொண்டுபோய் மாட்டுக்கு வைங்க, அதாவது திங்குதா பாப்போம்."

காராமணி சரியாக வந்தது. அவள் அங்கே சமைக்கிற பயறு வேறு, ஆனால் ருசி பக்கத்தில் வரும் என்றாள். தக்காளி, வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் நான்கையும் அடுப்புத் தீயிலேயே சுட்டு, ஒன்றிரண்டாக இடித்து, உப்பும் எலுமிச்சம்பழச் சாறும் கொத்தமல்லியும் சேர்த்தால் அதுதான் அவர்களுடைய சட்னி. எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம். அதைக் காராமணி மேல் ஊற்றித் தின்ற முதல் நாள், சர்க்கரை வந்ததற்காக வருத்தப்பட வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

ரொட்டிதான் பெரும்பாடு. அது மக்காச்சோளத்தில் செய்ய வேண்டும். எங்கள் பக்கம் மனிதர் தின்பதற்கு யாரும் காய்ந்த மக்காச்சோளம் விற்பதில்லை. விதைக்கடையில் வாங்கிவிடாதீர்கள், மருந்து தடவியிருக்கும் என்று அவள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். திருத்துறைப்பூண்டியில் ஒரு தீவனக் கடைக்குப் போனேன்.

"கோழிக்கா?" என்றார் கடைக்காரர்.

எனக்கு விளக்கிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் அவர் கோழியை விசாரிப்பார். முட்டை போடுகிறதா, அடை வைத்தாயா, இந்தச் சீசனில் கழிச்சல் நோய் வரும், சொட்டு மருந்து விட்டாயா என்று கேட்பார். இல்லாத கோழிக்கு நான் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் வேகவைத்து ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். காலையில் கையால் அலசித் தேய்த்தால் தோல் கழன்று போகும். வெற்றிலைக்குப் போடுகிற வெள்ளைச் சுண்ணாம்பேதான். பெட்டிக்கடையில் ஒரு டப்பா கேட்டபோது கடைக்கார அம்மா என் வாயை உற்றுப் பார்த்தாள். "பொண்டாட்டி ஊர்ல இல்லன்னதும் வெத்தல பழகிட்டீங்களா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வேகும்போது ஒரு வாசம் வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்து ஈரம் காயாத வீட்டில் யாரோ சோளக்கதிர் சுட்டால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கு அந்த வாசம் முதல் தடவையே பிடித்துப்போனது.

மறுநாள் அதை கிரைண்டரில் போட்டேன். மாவு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஆட்டி, கையில் எடுத்தால் வழிய வேண்டும். அப்படியே ஆட்டி எடுத்தேன். பொங்கட்டும் என்று மூடியும் வைத்தேன். சாயங்காலம் போனில் கேட்டாள்.

"மாவு எப்படி இருக்கு? உருண்ட புடிக்க வருதா?"

"உருண்டையா? கரண்டியால ஊத்தலாம்."

"ஊத்துறதா?"

"நல்லா பூ மாதிரி ஆட்டியிருக்கேன். இன்னும் புளிக்கல."

அவள் சிரித்தாள். சாதாரணமாகச் சிரிக்கவில்லை. போனை எங்கேயோ வைத்துவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி எடுத்து "பூ மாதிரியா?" என்று கேட்டு மறுபடி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஏதாவது தப்பாகச் செய்திருக்கலாமே என்று இருந்தது.

அந்த மாவைத் தோசையாக ஊற்றிப் பார்த்தேன். கல்லை விட்டு வரவில்லை. அடுத்த வாரம் மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் தெளித்து மட்டும் அரைத்தேன். கொழுக்கட்டை மாவு பதத்தில் உருட்டி, எண்ணெய்க் கவரை வெட்டி இரண்டு தாளாக்கி, நடுவில் உருண்டையை வைத்துத் தாம்பாளத்தால் அழுத்தினேன். சூடான கல்லில் போட்டால் ஒரு பக்கம் வெந்ததும் திருப்பிப் போட வேண்டும். மறுபடி திருப்பினால் உப்பி எழும்பும். முதல் ரொட்டி உப்பியபோது பக்கத்தில் காட்ட ஆள் இல்லை. அது மறுபடி படுத்துவிடும் முன்னால் போட்டோ எடுக்க ஓடினேன். அதற்குள் படுத்துவிட்டது.

அப்போதிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் வந்தது. ஞாயிறு மதியம் அந்த வீட்டார் வெளியே போய்விடுவார்கள். அவள் தனக்கென்று சமைத்துக்கொள்வாள். அவள் என்ன செய்கிறாளோ அதையே நானும் இங்கே செய்வேன். முத்துப்பேட்டையிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவரிடம் கொடுவா வாங்கி, எலுமிச்சை சீரகம் மிளகாய்த்தூள் பிரட்டிக் கல்லில் போட்டு, ரொட்டியில் பச்சை முட்டைக்கோசோடு வைத்து மடிப்பேன். மகளைப் பார்க்கத் தஞ்சாவூர் போனால் பழக்கடையில் பட்டர் ஃப்ரூட் என்கிற வெண்ணெய்ப்பழம் வாங்கி வருவேன். உப்பும் எலுமிச்சையும் போட்டு மசிக்க வேண்டும். சமையல் முடிந்ததும் போன் வரும். "ஆச்சா?" "ஆச்சு." "எனக்கும் ஆச்சு. சரி, ஆறிடப்போவுது, சாப்புடுங்க" என்று வைத்துவிடுவாள். அந்த ஒரு வேளை அவள் தட்டிலும் என் தட்டிலும் ஒன்றே இருக்கும். மற்ற நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த அம்மாவைப் பற்றியும் சொல்வாள். சில நாள் ரொட்டியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாராம். "அவங்க ஊரு வாசம் வரலியாம். என்ன செஞ்சாலும் வர மாட்டேங்குதாம். பாவமா இருக்குங்க" என்பாள்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொண்டுவந்தாள். என் தட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடா இது? நெல்லு வெளையுற ஊர்ல ஒக்காந்துகிட்டு மாட்டுத் தீவனம் திங்கிற?"

"சர்க்கரைக்கு நல்லதுக்கா."

"சர்க்கரைக்கு நல்லதா, அவளுக்கு நல்லதா? அவ அங்க சமைக்கிறா, நீ இங்க சமைக்கிற. நல்ல குடும்பம்." சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்து ஒரு ரொட்டியை மடித்து வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் மென்றாள். "அந்தச் சுட்ட தக்காளிய இன்னும் கொஞ்சம் வையி" என்றாள்.

இந்த ஆவணியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. வீடு முடிந்துவிட்டது. மகளுக்கும் இது கடைசி வருஷம். ஆவணியில் வந்துவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் கொல்லையில் கொத்தமல்லியும் மிளகாயும் போட்டு, அவள் வரும்போது பறிக்கிற மாதிரி கணக்கு வைத்திருந்தேன்.

ஆடி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சீக்கிரமே கூப்பிட்டாள். நான் வயலில் மடையருகே நின்றிருந்தேன். எங்களுடையது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை. முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். நம் முறை எப்போது வருகிறதோ அப்போது மடையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். நாற்றங்கால் காய்ந்து கிடந்தது.

"என்னங்க, ஒரு விஷயம்" என்றாள். "இவங்க ஊருக்கே திரும்பிப் போறாங்க. மெக்சிகோவுக்கு. என்னையும் கூட வரச் சொல்றாங்க."

நான் மண்வெட்டியை வரப்பில் ஊன்றினேன்.

"ரெண்டு வருஷம்னு சொல்றாங்க. நல்லாத்தான் வச்சிருக்காங்க என்னய. என்ன சொல்லட்டும்?"

அந்த நேரம் தண்ணீர் வந்தது. உண்மையாகவே வந்தது. வாய்க்காலில் சருகைத் தள்ளிக்கொண்டு நுரையோடு வந்தது.

"தண்ணி வந்துடுச்சு. அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன்.

மடையைத் திறந்துவிட்டு மண்வெட்டியோடு நின்றேன். தண்ணீர் நாற்றங்காலில் பரவியது. வேறு ஒரு நாளாக இருந்தால் அதைப் பார்த்து மனசு குளிர்ந்திருக்கும். வா என்று அவளை நான் வாழ்க்கையில் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட வேண்டிய அவசியம் வந்ததில்லை. நான் திரும்பிப் பார்த்தால் அவள் இருப்பாள். துபாய்க்குப் போகும்போதுகூடப் போகாதே என்று சொல்லவில்லை. இப்போது அவ்வளவு தூரத்துக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவளுக்குப் போக ஆசையாக இருந்தால்? ராத்திரி போனை எடுத்தேன், வைத்தேன். தண்ணீர் பாய்ந்ததா என்று அவள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பாய்ந்தது என்று அனுப்பினேன். அதோடு சரி.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. கொடுவா பொரித்து, ரொட்டி சுட்டு, மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரொட்டி ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும். ஆகிவிட்டது. சாப்பிடாமல் சாயங்காலம் நாய்க்குப் போட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. அக்கா வந்து பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"கேட்டாளா அவ? என்ன சொல்லட்டும்னு கேட்டாளா?"

"கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"தண்ணி வந்துடுச்சுன்னேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அட, மண்ணாங்கட்டி! அவ அங்க போயி உக்காந்துட்டா, பொழுதன்னிக்கும் சோளத்தச் சுட்டுகிட்டே கெட. போன் போட்டு வாடின்னு சொல்லு."

"போன்ல பேச வராதுக்கா எனக்கு."

"அப்ப வீடியோ எடுத்து அனுப்பு. அங்க யாரும் குறுக்க பேச மாட்டாங்க, நீ பாட்டுக்குச் சொல்லலாம்."

எனக்கு போட்டோ எடுத்தாலே முகம் கோணிக்கொள்ளும். கல்யாண ஆல்பத்தில்கூட நான் ஒரு படத்திலும் நேராகப் பார்க்கவில்லை. அக்கா விடவில்லை. அடுப்பைப் பற்ற வை என்றாள். முந்தின ராத்திரி பழக்கத்தில் வேகவைத்து ஊறவைத்த சோளம் இருந்தது, அதை அரைத்து எடுத்தேன். நான் தக்காளியைத் தீயில் வைத்தேன். அக்கா போனைப் பிடித்தாள்.

"ரேசன் கார்டுக்கு நிக்கிற மாதிரி நிக்காத. மூஞ்சியக் காட்டு."

"கருகுதுக்கா."

"கருகட்டும். பேசு."

நான் பேச ஆரம்பித்தேன். காராமணி முதல் நாளே ஊறவைத்தது, ரொட்டி மாவில் இந்தத் தடவை தண்ணீர் சரியாக இருக்கிறது, கொல்லை மிளகாய் காய்க்கத் தொடங்கிவிட்டது, மீன்காரர் இன்று வரவில்லை, ஆஸ்பத்திரியில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார்கள், தண்ணீர் நன்றாகப் பாய்ந்தது, நாற்று தலை தூக்கிவிட்டது. அடுக்கிக்கொண்டே போனேன்.

"அது கெடக்கட்டும்டா, விஷயத்துக்கு வா" என்று அக்கா போனுக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டாள். அதுவும் வீடியோவில் பதிந்திருக்கிறது.

நான் ரொட்டியை இரண்டாம் முறை திருப்பிப் போட்டேன், அது உப்பி எழும்பியது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நீ வந்துடு" என்றேன். "எனக்குத் தனியா சாப்புடப் புடிக்கல. இத நீயும் நானும் ஒரே எடத்துல ஒக்காந்து சாப்புட்டதே இல்ல. நீ வந்துடு."

அக்கா போனை இறக்கிவிட்டாள். மீதி வீடியோவில் அடுப்படித் தரையும் அக்காவின் காலும்தான் இருக்கின்றன. ரொட்டி தீய்கிற சத்தம் கேட்கிறது.

பொழுது சாயும்போது போன் வந்தது.

"தக்காளியக் கருக்கிட்டீங்க" என்றாள்.

"அக்கா பேசச் சொன்னா."

"அந்தம்மாகிட்ட காட்டுனேன்."

"அய்யய்யோ, ஏன் காட்டுன?"

"நீங்க என்ன பேசுறீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். ரொட்டி உப்பி வந்துச்சுல்ல, அதத் திருப்பித் திருப்பி ஓடவிட்டுப் பாத்தாங்க." பிறகு சொன்னாள்: "கூட வரலன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேங்க. அவங்க சாமான் கட்டி அனுப்புற வரைக்கும் இருந்துட்டு வர்றேன். கார்த்திக ஆயிடும்."

நான் எழுந்துபோய் நாட்காட்டியில் கார்த்திகையைத் தேடினேன்.

"அங்க சோளம் நாலஞ்சு நெறத்துல இருக்குமாம்" என்றாள் அவள் பிறகு. "செவப்பு, வெள்ள, கருநீலம்கூட இருக்குமாம். கருநீல மாவுல ரொட்டி சுடுவாங்களாம். அந்தம்மா ஊர்ல சந்தையில அப்பிடியே குமிச்சு வச்சிருப்பாங்களாம். அத ஒரு தடவ பாத்திருக்கலாம்."

அதைச் சொன்ன குரல் எனக்குப் புதிதாக இருந்தது. அவளுக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று இருந்ததே இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. வேளாங்கண்ணியும் தஞ்சாவூரும் தவிர நாங்கள் சேர்ந்து எங்கும் போனதில்லை. நான் கூப்பிட்டதால் அவள் வருகிறாள். கூப்பிடாமல் இருந்திருந்தால் அதைப் பார்த்திருப்பாள். எது சரி என்று யோசித்தால் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் மறுபடி கேட்டாலும் வா என்றுதான் சொல்வேன்.

இப்போது ஐப்பசி. வெளியே விடாமல் மழை பெய்கிறது, நடவு முடிந்த வயலில் தண்ணீர் வடிய வேண்டும். ஞாயிறு மதியம் அவள் கூப்பிட்டால் இப்போதெல்லாம் போனை வைப்பதில்லை. தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் சாப்பிடுகிறோம். போன ஞாயிறு அங்கே சிக்னல் சரியில்லை. படம் நின்றுவிட்டது. கையில் மடித்த ரொட்டியோடு அவள் பாதி குனிந்தபடி அசையாமல் இருந்தாள். சத்தம் மட்டும் வந்தது. மெல்லுகிற சத்தம், டம்ளரை எடுத்து வைக்கிற சத்தம், மூக்கை உறிஞ்சினாள், மிளகாய் காரமாக இருந்திருக்கும். நான் என் ரொட்டியை மெதுவாகத் தின்றேன். அவள் முடிக்கிறதுக்கு முன்னால் நான் முடித்துவிடக் கூடாது என்று இருந்தது.